மழை விடாத இலையுதிர்காலத்தில் குளிர்கால ஓட்ஸ்: விதைப்பு முதல் களை மேலாண்மை வரை முழுமையான வழிகாட்டி

கோதுமை வயலில் புல் களை மிஞ்சிவிட்டால் தெளிப்பதற்கு ஏதாவது ஒரு மருந்து இருக்கும். ஓட்ஸ் வயலில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டே இருக்கிறது. ஓட்ஸும் புல், அதை நெருக்கும் மோசமான களைகளும் புற்கள். காட்டு ஓட்ஸைக் கொல்லும் மருந்து பயிர் ஓட்ஸையும் சேர்த்தே கொன்றுவிடும். நெல்லுக்குள் காட்டு நெல் புகுந்தால் என்ன தவிப்போ, அதே தவிப்புதான் இங்கும்.

அதனால் ஓட்ஸ் பயிரில் களையெடுப்பின் பெரும்பங்கு விதை மண்ணில் விழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு எண்ணத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. அயர்லாந்தின் தெற்கிலும் தென்கிழக்கிலும் உள்ள வெக்ஸ்ஃபோர்டு, கார்லோ, கில்கென்னி, கார்க் பகுதிகளையும், அதே வகைத் தட்பவெப்பம் கொண்ட வேல்ஸ், மேற்கு இங்கிலாந்தையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். அங்கே பண்ணைகளில் வேலை செய்யும் தமிழர்களும் வேளாண்மை படிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேரடியாகவே பயன்படும்.

மழை பெரிய சிக்கல் என்பதற்கு அண்மைச் சான்றுகள் போதும். 2019 இலையுதிர்காலத்தில் பிரிட்டனில் பல பண்ணைகளால் குளிர்காலப் பயிரை விதைக்கவே முடியவில்லை. 2023 அக்டோபரில் பாபெட் புயல் கார்க் மாவட்டத்தின் மிடில்டன் நகரை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான 18 மாதங்கள்தாம் இங்கிலாந்தின் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த 18 மாதங்கள். இனி நல்ல வெயில் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடுவது சரியில்லை.

வயலைத் தேர்ந்தெடுத்தல்

பயிர்ச் சுழற்சியில் ஓட்ஸுக்குத் தனி மதிப்பு உண்டு. கோதுமையின் வேரைக் கறுக்கச் செய்து அழிக்கும் டேக்-ஆல் பூஞ்சையின் வழக்கமான வகை ஓட்ஸைத் தாக்குவதில்லை. ஓட்ஸ் வேரில் சுரக்கும் அவெனசின் என்ற பொருள்தான் அதைத் தடுக்கிறது. வேல்ஸிலும் மேற்கு ஸ்காட்லாந்திலும் ஓட்ஸையே தாக்கும் தனி வகை ஒன்று இருக்கிறது. மற்ற இடங்களில், இரண்டு மூன்று ஆண்டுகள் கோதுமையோ பார்லியோ விளைந்த வயலுக்கு ஓட்ஸ் நல்ல இடைவெளி தரும். சற்றே புளிப்பான மண்ணையும் அது கோதுமையைவிடத் தாங்கும்.

ஆனால் சுழற்சியில் ஓட்ஸின் முறை வந்துவிட்டது என்பதற்காக எந்த வயலிலும் விதைத்துவிடக் கூடாது. கடந்த அறுவடைக்கு முன் வயலைச் சுற்றி நடந்தவருக்கு அங்கே என்ன களை இருந்தது என்று தெரிந்திருக்கும். காட்டு ஓட்ஸ் கூட்டமாக நின்ற வயல், புரோம் புல் ஓரத்திலிருந்து நடுவயலுக்கு நகர்ந்துவிட்ட வயல், பிளாக்கிராஸ் அல்லது இத்தாலிய ரைபுல் பரவிய வயல் ஆகியவற்றை ஓட்ஸுக்கு ஒதுக்காதீர்கள். அங்கே வேறு பயிரை வைத்து, மருந்து உள்ளபோதே களையை ஒடுக்குங்கள். இந்த ஒரு முடிவில் தவறினால் பின்னால் வரும் எந்தப் படியும் அதை ஈடுகட்டாது.

தானாய் முளைக்கும் கோதுமையும் பார்லியும்கூட ஓட்ஸில் களைதான், அதிலும் மருந்தில்லாத களை. பசைப்புரதம் (குளூட்டன்) அற்ற ஓட்ஸ் என்று விற்கப்போகிறீர்கள் என்றால் அவற்றின் சில மணிகளே மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பப் போதும். முந்தைய பயிர் ரேப் கடுகு, அவரை இனப் பயிர், உருளைக்கிழங்கு போன்றதாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆலைகளுடன் விலை, தரம் பற்றிய ஒப்பந்தத்தையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிட வேண்டும். ஓட்ஸ் வாங்குபவர்கள் கோதுமைக்கு இருப்பதுபோல் ஊருக்கு ஊர் இருப்பதில்லை.

வடிகாலையும் இப்போதே பாருங்கள். கடந்த குளிர்காலத்தில் எங்கே தண்ணீர் தேங்கியது, எந்தக் குழாய் வாயை மண் அடைத்திருக்கிறது, எந்த மூலையில் டிராக்டர் திரும்பித் திரும்பி நிலத்தை இறுக்கியிருக்கிறது என்பதை ஆகஸ்டில் மண்வெட்டியோடு போய்த் தோண்டிப் பார்ப்பது அக்டோபரில் வானத்தைப் பார்ப்பதைவிடப் பலன் தரும். இறுகிய அடுக்கை உடைப்பதும் மண் உலர்ந்திருக்கும் அந்த மாதத்தில்தான் நடக்கும்.

அரிதாளில் களையை முளைக்கவிடுதல்

இதுதான் வேலையின் மையம். விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே விதைப்படுகையைத் தயாரித்து, களை விதையை முளைக்கத் தூண்டி, முளைத்ததை அழித்துவிட்டு, மண்ணை மீண்டும் கிளறாமல் பயிரை விதைப்பது. ஈரமான இலையுதிர்காலத்தில் இது எளிதாகவே பலிக்கும், ஏனென்றால் முளைக்கத் தேவையான ஈரம் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் அறுவடை முடிந்த மறுநாளே எல்லா வயலிலும் கலப்பையை ஓட்டுவது தவறு. எந்தக் களை என்று முதலில் தெரிய வேண்டும். மலட்டுப் புரோம் என்று அழைக்கப்படும் வகையின் விதை வெளிச்சம் பட்டால் உறங்கிவிடும். அதை உடனே மண்ணால் மூட வேண்டும். மென்புரோம், புல்வெளிப் புரோம் போன்றவற்றின் விதைக்கோ முற்றுவதற்கு அவகாசம் தேவை. ஒரு மாதம் மேலேயே விட்டுவிட்டுப் பிறகு கிளறினால்தான் நன்றாக முளைக்கும். காட்டு ஓட்ஸ் விதையையும் மேலேயே விடுவது நல்லது, பறவையும் எலியும் கணிசமான பங்கைத் தின்று தீர்க்கும். ஒரே குடும்பத்துப் புற்கள் என்றாலும் ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்குக் கேடாக முடியும். கதிர் நிற்கும்போதே பறித்து, தெரிந்தவரிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்துகொள்வது இதற்காகத்தான்.

கிளறும் ஆழம் சில சென்டிமீட்டர் போதும். சட்டிக் கலப்பையோ இலேசான கொக்கிக் கலப்பையோ ஓட்டி, உடனே உருளையால் அழுத்துங்கள். ஆழமாகப் போனால் புதைந்துகிடக்கும் பழைய விதைகள் மேலே வரும். அயர்லாந்தின் நைட்ரேட் விதிமுறைகளும் அறுவடைக்குப் பின் இந்த ஆழமற்ற உழவைக் கேட்கின்றன. பறவைகளின் உணவுக்காக ஒரு பகுதி அரிதாளைத் தொடாமல் விடவும் சொல்கின்றன. நாள்கணக்கும் விழுக்காடும் திருத்தப்படுவதுண்டு என்பதால் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முளைத்த பச்சையை விதைப்புக்குச் சில நாட்கள் முன் கிளைபோசேட் களைக்கொல்லியால் அழிக்கலாம். ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: தெளிப்பதற்குப் பதிலாக, விதைக்கும்போது கருவியே களையைப் பிடுங்கிவிடும் என்று விட்டுவிடுவது. வறண்ட மண்ணில் அது ஓரளவு நடக்கும். ஈர மண்ணிலோ பிடுங்கப்பட்ட செடி விழுந்த இடத்திலேயே மறுபடி வேரூன்றி நிற்கும்.

களை விதை மேற்பரப்பில் மிக அதிகமாக இருந்தால் வளைபலகைக் கலப்பையால் மண்ணைப் புரட்டிப் புதைப்பதே வழி. பிளாக்கிராஸ் பற்றிய பிரிட்டன் சோதனைகளைத் தொகுத்து இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலைய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட அலசலில், கோதுமையில் புரட்டி உழுவது அந்தக் களையைச் சராசரியாக 69 விழுக்காடு குறைத்தது. விதைப்பை அக்டோபர் இறுதிக்குத் தள்ளியது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. புரோம் விதை மண்ணுக்குள் நெடுநாள் உயிரோடு இருப்பதில்லை, ஆகவே ஒருமுறை ஒழுங்காகப் புரட்டினாலே அடங்கும். காட்டு ஓட்ஸ் அப்படியில்லை. புதைந்த விதை பல ஆண்டுகள் காத்திருந்து முளைக்கும்.

மண் பதம் பார்த்து இறங்குதல்

களைக்காகக் காத்திருக்க வேண்டும். மழைக்காக முந்த வேண்டும். இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கும். என் தீர்ப்பு இது: இலேசான, வடிகால் நல்ல வயலைக் கடைசியாகவும், களிமண் வயலை முதலாகவும் விதையுங்கள். களிமண்ணுக்கு ஒரு மழை போதும், கதவு மூடிவிடும். மணற்பாங்கான நிலம் மழை விட்ட ஓரிரு நாளில் மீண்டும் பதத்துக்கு வரும், அதனால் களையை முளைக்கவிட்டுக் காத்திருக்கும் ஆடம்பரம் அங்கேதான் கிடைக்கிறது. களிமண்ணில் களையும் மிகுந்திருந்தால் அந்த வயலுக்குக் குளிர்கால ஓட்ஸே பொருத்தமில்லை.

பதம் பார்ப்பதற்கு விதை விழும் ஆழத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். நூலாகத் திரண்டு நீண்டால் உழக்கூடாது. உதிர்ந்தால் இறங்கலாம். மேல்மண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். காற்றில் மேற்பரப்பு காய்ந்திருக்கும், அடியில் சேறு இருக்கும். அயர்லாந்தின் வானிலைத் துறையான மெட் ஏரன், நல்ல வடிகால், நடுத்தர வடிகால், மோசமான வடிகால் என்று மூன்று வகை மண்ணுக்கும் ஈரப் பற்றாக்குறைக் கணக்கை வெளியிடுகிறது. பூச்சியம் என்றால் மண் தாங்கக்கூடிய ஈரம் முழுவதும் நிரம்பிவிட்டது என்று பொருள். அதற்கும் கீழே இறங்கிய வயலில் சக்கரம் வைக்கக் கூடாது.

புரட்டி உழுதால் அன்றே விதைத்துவிடுங்கள். புரட்டிய நிலத்தை இரவு மழைக்குத் திறந்துவைப்பதைப்போல் ஈர ஆண்டில் செய்யக்கூடாத வேலை வேறில்லை. டயர் காற்றழுத்தத்தைக் குறைப்பதும், விதைப் பெட்டியை நிரம்ப ஏற்றாமல் பாதியாக வைத்து ஓட்டுவதும் சிறிய செயல்களே. தடத்தின் ஆழத்தில் வித்தியாசம் தெரியும். டிராக்டர் திரும்பும் ஓரங்களைக் கடைசியில் விதையுங்கள்.

நாள், அளவு, ஆழம்

அக்டோபர் முதல் பாதி ஏற்ற காலம். குளிர்காலத் தானியங்களில் ஓட்ஸ்தான் கடுங்குளிரை மிகக் குறைவாகத் தாங்குவது. வேர் பிடித்துத் தூர் கட்டத் தொடங்கிய நிலையில் அது குளிருக்குள் நுழைய வேண்டும். செப்டம்பரில் மிக முந்தினால் களையும் அசுவினியும் சேர்ந்து வரும்.

இரகத்தில், பிரிட்டனில் ஆலைகள் நெடுங்காலமாக விரும்பி வாங்கும் மஸ்கானி, வேல்ஸின் அபரிஸ்ட்வித் ஆய்வு நிலையத்தில் உருவானது. அயர்லாந்தின் குளிர்காலம் மென்மையானது என்பதால் பாரா போன்ற வசந்தகால இரகங்களை இலையுதிர்காலத்தில் விதைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. களை நோக்கில் பார்த்தால் உயரமாக வளர்ந்து இலை விரித்து நிழல் பரப்பும் இரகம் நல்லது. உயரம் கூடினால் சாயும் அபாயமும் கூடும், அதனால் தழைச்சத்தை அள்ளி வைக்காதீர்கள்.

விதை அளவைக் கிலோவில் தொடங்காதீர்கள், செடி எண்ணிக்கையில் தொடங்குங்கள். வசந்தத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 250 முதல் 300 செடிகள் நிற்க வேண்டும். கணக்கு எளிது: வேண்டிய செடிகளை ஆயிரம் மணிகளின் கிராம் எடையால் பெருக்கி, எத்தனை விழுக்காடு நிலைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதனால் வகுத்தால் எக்டருக்கான கிலோ கிடைக்கும். 275 செடிகள், 40 கிராம், 75 விழுக்காடு என்றால் சுமார் 147 கிலோ. அதே வயல் சேறும் கட்டியுமாக இருந்து 60 விழுக்காடுதான் நிலைக்கும் என்று தோன்றினால் 183 கிலோ. ஈர ஆண்டில் விதையில் மிச்சம் பிடிப்பவர் அந்த வெற்றிடத்தைக் களைக்குத்தான் கொடுக்கிறார். மூட்டைக்கு மூட்டை மணி எடை மாறும், சீட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஆழம் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர். மேலே தெரியும்படி விழுந்த விதையைக் காகம் எடுக்கும், மண்ணில் செயல்படும் களைக்கொல்லியும் அதைத் தாக்கும். மிக ஆழத்தில் போனது ஈர மண்ணில் மூச்சுமுட்டி அழுகும். விதைக்கத் தொடங்கிய பத்து மீட்டரில் இறங்கித் தோண்டிப் பாருங்கள். மண் மாறும் இடங்களிலெல்லாம் மீண்டும் பாருங்கள்.

விதைத்த உடனே

பதம் இருந்தால் உருளை ஓட்டுங்கள். மண் விதையோடு ஒட்டும், கட்டி உடையும், நத்தைக்கு ஒளியும் இடம் குறையும். தளர்ந்த மண்ணில் ஓட்ஸுக்கு மாங்கனீசு கிடைக்காமல் இலையில் சாம்பல் நிறப் புள்ளி வருவதும் இதனால் குறைகிறது. சக்கரத்தில் மண் ஒட்டினால் உருளையை விட்டுவிடுங்கள். மேற்பரப்பு அப்பளமாக இறுகினால் முளை வெளிவராது.

ஓடில்லா நத்தைக்கு ஈர இலையுதிர்காலம் திருவிழா. ரேப் கடுகுக்குப் பின் வந்த வயலில் குறிப்பாகக் கவனம் தேவை. ஓட்ஸ் மணியைச் சுற்றிய உமி கோதுமையைவிடச் சற்றுப் பாதுகாப்புத் தருகிறது, ஆனால் முளைத்த இலையை நத்தை விடாது. முட்டைக்கோழித் தீவனத்தை ஒரு தட்டின் அடியில் வைத்து இரவு விட்டுக் காலையில் எண்ணுங்கள். சராசரியாகத் தட்டுக்கு நான்கு நத்தைகள் இருந்தால் மருந்து வைக்கலாம். பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியிலிருந்து மெட்டால்டிஹைடு என்ற நத்தை மருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது இரும்புப் பாஸ்பேட் குருணைதான் துணை.

அசுவினி கொண்டுவரும் பார்லி மஞ்சள் குட்டை வைரஸ் ஓட்ஸை மோசமாகத் தாக்கும். இலை செந்நிறமாகி பயிர் குட்டையாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் குளோதியானிடின் என்ற பூச்சிக்கொல்லியால் செய்யும் விதை நேர்த்தியை வெளிவயல்களில் தடை செய்தபின் கண்காணிப்பே கவசம். பயிர் முளைத்த நாளிலிருந்து தினச் சராசரி வெப்பத்தில் 3 டிகிரிக்கு மேல் உள்ளதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்; 170 ஆனால் அசுவினி பயிருக்குள் பரவும் கட்டம். சராசரி 11 டிகிரி என்றால் மூன்று வாரம். பைரெத்ராய்டு மருந்துக்கு அடங்காத தானிய அசுவினி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருக்கிறது, ஆகவே பழக்கத்துக்காகத் தெளிக்காதீர்கள்.

களைக்கொல்லி எதுவரை உதவும்

அகன்ற இலைக் களைகளுக்கு ஓட்ஸில் மருந்து உண்டு. சிக்வீட், ஸ்பீட்வெல், செடியில் ஒட்டிப் படரும் கிளீவர்ஸ் போன்றவற்றை இலையுதிர்காலத்தில் டைஃப்ளுஃபெனிக்கான் அடிப்படையிலான மருந்தாலும், தப்பியதை வசந்தத்தில் ஃபுளூராக்சிபிர், மெட்சல்ஃபுரான் போன்றவற்றாலும் அடக்கலாம். புற்களில் சிறு போவா புல்லை ஓரளவு ஒடுக்கலாம். மற்றப் பெரும் புற்களுக்கு நம்பத்தக்க மருந்து இல்லை. ஓட்ஸுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பெரும்பாலும் கோதுமைக்கு உள்ளதைவிடக் குறைவு, தெளிக்கும் பருவமும் வேறுபடும். பக்கத்து வயல் கோதுமைக்கு எடுத்த டாங்கியின் மிச்சத்தை ஓட்ஸில் தெளிப்பது பயிரைக் கொல்லும் வழி. அனுமதியும் நிலையானதல்ல: ஃபுளூஃபெனசெட் என்ற களைக்கொல்லியின் அனுமதியை 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் புதுப்பிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பாட்டில் சீட்டைப் புதிதாகப் படியுங்கள்.

மண்ணில் தங்கிச் செயல்படும் மருந்துக்கு ஈரம் வேண்டும், ஆனால் வெள்ளம் கூடாது. நீர் நிறைந்த மண்ணில் தெளித்துவிட்டு அடுத்த நாள் பெருமழை வந்தால் மருந்து இரண்டு இடங்களுக்குப் போகும்: ஒன்று பயிரின் வேருக்கு, மற்றது ஓடைக்கு. அடுத்த இரு நாளில் கனமழை அறிவிப்பு இருந்தால் தெளிக்காதீர்கள். வடிகால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் தெளிக்காதீர்கள். ஓடையோரத்தில் சீட்டு சொல்லும் இடைவெளியை முழுமையாக விடுங்கள். அந்த நீரை ஒரு ஊர் குடிக்கிறது. தெளிக்க வாய்க்காமல் போனால் பதற்றம் வேண்டாம், சிறு அகன்ற இலைக் களைகள் வசந்தம்வரை காத்திருக்கும், தூர் கட்டிய ஓட்ஸ் அவற்றில் பலவற்றைத் தானே அமுக்கிவிடும்.

மருந்தே பயன்படுத்தாத இயற்கைப் பண்ணைகளில் விதை அளவைக் கூட்டுவதும் தாமதமாக விதைப்பதும்தான் முதன்மைக் கருவிகள். களையை வாரிப் பிடுங்கும் சீப்புப் பரம்பை ஈர மண்ணில் ஓட்டிப் பயனில்லை. மார்ச்சில் மேற்பரப்பு காய்ந்து, ஓட்ஸ் வேர் இறுகிய பின் ஓட்டுங்கள்.

நவம்பர் கடந்துவிட்டால்

நவம்பர் முதல் வாரம் தாண்டியும் மண் பதத்துக்கு வரவில்லை என்றால் விதையைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு வசந்தகால ஓட்ஸுக்குத் திட்டமிடுங்கள். சேற்றில் அமுக்கி விதைத்த பயிர் இடைவெளி விட்டு நிற்கும், அந்த இடைவெளியில் களை வந்து விதை உதிர்த்து அடுத்த பல ஆண்டுகளைக் கெடுக்கும். வசந்தத்துக்குத் தள்ளுவதில் களை நோக்கில் ஆதாயமே இருக்கிறது: இலையுதிர்காலத்தில் முளைக்கும் புற்களையெல்லாம் விதைப்புக்கு முன் அழித்துவிடலாம். முன்சொன்ன 2013 அலசலில் வசந்த விதைப்பு பிளாக்கிராஸை 88 விழுக்காடு குறைத்தது. விதை நேர்த்தி செய்யப்பட்ட மிச்ச விதையைத் தீவனத்தில் கலக்கக் கூடாது.

ஜூனில் கையால் பிடுங்குதல்

இத்தனைக்கும் பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டு ஓட்ஸ் தலைநீட்டும். கதிர் பயிருக்கு மேல் எழுந்து தெளிவாகத் தெரியும் ஜூன் பின்பகுதியிலிருந்து, விதை உதிரத் தொடங்கும் முன் வயலுக்குள் இறங்க வேண்டும். பயிர் ஓட்ஸிலிருந்து அதைப் பிரித்தறியக் கண் பழக வேண்டும்: மணியில் கருமை கலந்த மயிர், முழங்கால்போல் மடிந்த தடித்த கூர், மணியின் அடியில் வட்ட வடு. டிராக்டர் தடங்களின் வழியே வரிசையாக நடந்து, வேரோடு பிடுங்கி, தோளில் தொங்கும் பையில் போட்டு வெளியே கொண்டுவந்து எரித்துவிடுங்கள். பிடுங்கி வயலிலேயே போட்டால் மணி அங்கேயே முற்றும். சில வாரம் கழித்து இன்னொரு முறை நடந்தால் தூரிலிருந்து பின்னால் வந்த கதிர்கள் சிக்கும். ஒரு ஆள் ஒரு நாளில் சுற்றி முடிக்க முடியாத அளவுக்குக் களை இருந்தால் அந்தப் பகுதியைப் பசுந்தீவனமாக முன்கூட்டியே வெட்டிவிடுங்கள், அந்த வயலின் எண்ணை ஓட்ஸ் விதைக்கக் கூடாத பட்டியலில் எழுதுங்கள். வேறொரு பண்ணையில் அறுத்துவிட்டு வரும் அறுவடை இயந்திரத்தை வாசலிலேயே நிறுத்திச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புதிய களை பெரும்பாலும் அதில் ஏறித்தான் வருகிறது.